படிக்கப்படாத கடிதமும் பிழைபடப் படிக்கப்பட்ட நூலும்

மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறைப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ‘மன்னாரமுது’ என்ற புனைபெயருடன் கவிதைகள் எழுதி, 2017ஆம் ஆண்டில் ‘நவரசம்’ என்னும் தலைப்பில் ஒரு தொகுதியை வெளியிட்டார். அஹ்னாப் ஜஸீம் என்பது அவருடைய இயற்பெயர். நம் மொழியில் ஆண்டுதோறும் அச்சேறும் எண்ணற்ற கவிதைத் தொகுதிகளுள் ஒன்றாகவே அதுவும் வந்தது. அது வெளிவந்தபோது நம்மில் எத்தனை பேர் அதைக் கையிலெடுத்தோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும். மூன்றாண்டுகள் கழிந்தபின், 2020 மே 16ஆம் திகதி, அக்கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். புத்தளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர் தம் மாணவர்களுக்குத் தீவிரவாதத்தைப் போதித்தார் என்பதும், அவருடைய நூல் அதற்குத் துணைநின்றது என்பதுமே அவர்மேல் சுமத்தப்பட்ட பழி. ஏறத்தாழ 19 மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். உறங்கும்போதும் தம் கையில் விலங்கு பூட்டப்பட்டிருந்தது என்றும், தம்மை எலி கடித்தது என்றும் அவர் தரப்பு அடிப்படை உரிமை மனுவில் முறையிட்டது. 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது.

கவிதை நூல்களைத் திறனாய்வது இப்பக்கங்களின் வழக்கம். இம்முறை அந்நூலின் கவிதைகளையன்றி, அந்நூலைப் படித்த சட்டத்தைத் திறனாய விரும்புகிறோம். சட்டமும் எழுத்தாலானதே. சொற்களைத் தெரிந்து, அடுக்கி, ஒரு பொருளை நிலைநிறுத்த முயலும் பனுவல் அது. மற்றைய பனுவல்களைப் படிக்கும் அதிகாரமும் அதற்குத் தரப்பட்டிருப்பதனால், அது எத்தகைய வாசகர் என்று நாம் ஆராய்வதில் தவறில்லை.

இதில் நமக்கு வேறொரு கடப்பாடும் உண்டு. அக்கவிஞர் கைதானது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளை அடுத்து எழுந்த தேடுதல் அலையின் தொடர்ச்சியாக. அன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று விடுதிகளிலும் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் திருப்பலி காணச் சென்ற இடத்திலேயே பலியாயினர். சீயோனில் இறந்தவர்களுள் பலர் சிறுவர்கள். அவர்கள் நம்மவர்கள். அவர்களுடைய இரத்தத்தின் பெயராலேதான் மன்னாரமுதுவின் கைகளில் விலங்கு பூட்டப்பட்டது. நம் பெயரால் செய்யப்பட்ட ஒன்றைப் பற்றி நாம் பேசாமலிருத்தல் தகாது.

முதலில் சட்டத்தின் சொற்களைக் காண்போம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாகிய இதன் முழுப்பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் உள்ளன. மூன்றாண்டுகளுக்கென்று இயற்றப்பட்ட இது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. ‘தற்காலிக’ என்ற சொல் மட்டும் தலைப்பில் தங்கிவிட்டது. பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த இச்சட்டத்தில் பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணம் இல்லை என்பதையும் வாசகர் கவனித்தல் வேண்டும். தலைப்பில் உள்ள சொல்லுக்கு உள்ளே பொருள் தராத நூலை, அது கவிதையாயிருந்தால், நாம் மன்னித்திருப்போம்.

எழுத்தாளரைத் தொடும் பகுதி 2ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் எட்டாவதாக வருகிறது. பேச்சாலோ, வாசிக்கப்படும் நோக்குடைய எழுத்தாலோ, குறிகளாலோ, காட்சி வடிவங்களாலோ வன்செயலை, அல்லது இன மத சமூகங்களுக்கிடையே இணக்கக்கேட்டை, அல்லது மனக்கசப்பையோ பகைமையையோ ஏற்படுத்துபவர், அல்லது ஏற்படுத்த எண்ணுபவர் குற்றவாளி என்பது அதன் கருத்து. தண்டனை 5 ஆண்டுகளுக்குக் குறையாத, 20 ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை. இவ்வேற்பாட்டில் மிகுந்த வேலை செய்யும் சொல் ‘அல்லது’ என்பதே. குண்டு வைக்கத் தூண்டுதலும் மனக்கசப்பை உண்டாக்குதலும் அச்சொல்லால் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. ஏற்படுத்துதலும் எண்ணுதலும் அவ்வாறே. எழுதியவர் எண்ணாதபோதும் எவரோ ஒருவர் மனங்கசந்தால் போதும். எவரும் கசப்படையாதபோதும் எழுதியவர் எண்ணினார் என்று அதிகாரி கருதினால் போதும். இரண்டு வாயில்களும் திறந்திருக்க, எந்த எழுத்தும் உள்ளே விழலாம்.

திருப்பாடல்களை நாள்தோறும் செபிக்கும் நாம் இதை எளிதில் உணரலாம். பகைவர்மேல் கடுஞ்சாபம் பொழியும் பாடல்கள் அந்நூலில் உண்டு. நாடுகடத்தப்பட்டோரின் துயரத்தில் தொடங்கும் 137ஆம் திருப்பாடல் எத்தகைய வேட்கையோடு முடிகிறது என்பதை அறிந்தவர் அறிவர். இத்தகைய சில பாடல்களும் பகுதிகளும் இன்றைய திருப்புகழ்மாலையில் இடம்பெறுவதில்லை. ஆனால் அவை விவிலியத்திலிருந்து நீக்கப்படவில்லை. அவற்றை இறைவனிடம் கொட்டப்பட்ட அழுகையாக வாசிக்கத் திருச்சபை நமக்குக் கற்றுத்தந்துள்ளது. கோபத்தைச் சொல்லுதல் வேறு, கொலையைக் கற்பித்தல் வேறு என்ற பகுப்பறிவு வாசகருக்கு வேண்டியது. அப்பாடலைப் பாடியவர் 2020இல் புத்தளத்தில் ஆசிரியராயிருந்திருந்தால் அவர் கதி என்னவாயிருக்கும்?

‘நவரசம்’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது சுவைகளுள் வெகுளியும் உண்டு, வீரமும் உண்டு, அச்சமும் உண்டு. தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வெகுளியை எண்ணிவந்த மரபு நம்முடையது. வெகுளியை எழுதியவர் சாந்தத்தையும் எழுதியிருப்பார் என்று எதிர்பார்ப்பதே அத்தலைப்பைப் படிக்கும் முறை. மேலும், அந்நூலில் ஐ.எஸ். இயக்கத்தையும் மதத்தின் பெயரால் நிகழும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் உள்ளன. தமிழிலக்கியம் பயின்றோர் அதை அப்போதே எடுத்துரைத்தனர். ஆயினும் தமிழறிந்தோர் மிகச் சிலரேயுள்ள பொலிஸ் சேவையொன்றின் கைக்கு அந்நூல் போய்ச் சேர்ந்தபோது, தமிழ் எழுத்துகள், முஸ்லிம் பெயர், ஆயுதப் படம் ஆகியவையே அதன் பொருளாகிவிட்டன. எத்தியோப்பிய அதிகாரியின் தேரருகே ஓடிச்சென்ற பிலிப்பு, நீர் வாசிப்பதன் பொருள் உமக்கு விளங்குகிறதா என்று வினவினார். அந்த அதிகாரி, ஒருவர் விளக்காவிட்டால் எப்படி விளங்கும் என்று ஒப்புக்கொண்டார். அந்த அடக்கம் நம் அதிகாரிகளுக்கு வாய்க்கவில்லை.

மன்னாரமுதுவுக்கு முன்னரும் இவ்வேற்பாடு ஒரு தமிழ் எழுத்தாளரைப் பதம் பார்த்தது. ‘நோர்த் ஈஸ்டேர்ன் மந்த்லி’ என்ற ஆங்கிலத் திங்களிதழில் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்காக ஜெ. எஸ். திசநாயகம் 2008 மார்ச்சில் கைதாகி, 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 ஆண்டுகள் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். மறு ஆண்டு மே மாதத்தில் அவருக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 20 ஆண்டுகள் சிறையில் இருக்கத்தக்க கொடியவர் எட்டு மாதங்களில் மன்னிக்கத்தக்கவரானது எவ்வாறு என்று எவரும் விளக்கவில்லை. திங்களிதழ் ஒன்றில் எழுதும் நாம் இதை ஒரு பக்கச் செய்தியாக வாசித்துவிட்டுப் போக இயலாது.

இனி இச்சட்டம் எதற்காக வந்தது, எதைச் சாதித்தது என்ற கேள்வி. 1979 ஜூலையில் இச்சட்டம் நிறைவேறிய அதே வேளையில், யாழ்ப்பாணத்தில் பயங்கரவாதத்தை டிசெம்பர் 31ஆம் திகதிக்குள் துடைத்தொழிக்குமாறு ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன பிரிகேடியர் வீரதுங்கவுக்குக் கட்டளையிட்டார். ஆறு மாதங்களுக்கும் குறைவான தவணை. அன்று ஆயுதமேந்தியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிறு குழுக்களாயிருந்தனர். 30 ஆண்டுகள் கழித்து, 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது எத்தனை புதைகுழிகள் இருந்தன என்பதை வடக்கிலும் கிழக்கிலும் வாழும் குடும்பங்கள் அறியும். இச்சட்டம் மட்டுமே போரை உண்டாக்கிற்று என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஆயுதமேந்தியோரின் பாவங்களும் அவற்றுள் அடங்கும். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட்டில் தொழுகையிலிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் உட்பட வடக்கின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டுப் புத்தளத்து அகதி முகாம்களில் ஒதுங்கியதும் புலிகளின் செயல்களே. பயங்கரவாதம் என்ற சொல் அரசு கற்பித்த பொய்யன்று. அது மெய்யான கொடுமை. ஆனால், விசாரணையின்றி 18 மாதங்கள் தடுத்துவைக்க அமைச்சருக்கு இடமளித்து, அக்கட்டளையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்றும் விதித்த இச்சட்டம் எத்தனை இளைஞரைத் தடுத்ததோ, அதைவிட அதிகமானோரைக் காட்டுக்கு அனுப்பிற்று என்பதே எம் கணிப்பு. நம் பங்குகளில் அக்காலத்தை வாழ்ந்து கடந்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வர்.

இச்சட்டத்துக்கு முன்மாதிரியாயிருந்தவற்றுள் ஒன்று பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாண்டு நவெம்பர் 21ஆம் திகதி பேர்மிங்காம் நகரின் மதுச்சாலைகளில் வைக்கப்பட்ட குண்டுகளால் 21 பேர் இறந்தனர். எட்டே நாள்களில் அவசர அவசரமாக அச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. அக்குண்டுகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆறு அயர்லாந்துக் கத்தோலிக்கர் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தபின், 1991 மார்ச்சில் அவர்கள்மேலான தீர்ப்பு தவறென்று கண்டு விடுவிக்கப்பட்டனர். பொலிஸ் காவலில் பெறப்பட்ட வாக்குமூலங்களே அவர்களைச் சிறைக்கு அனுப்பியிருந்தன. ஆறு பேர் சிறையிலிருந்த காலமெல்லாம் குண்டு வைத்தவர்கள் வெளியே இருந்தனர். இறந்த 21 பேரின் குடும்பங்களுக்குக் கிடைத்தது நீதி என்று எவரால் சொல்ல முடியும்?

வாக்குமூலம் என்ற சொல்லில் சற்று நிற்போம்; இச்சட்டத்தின் உயிர்நிலை அங்குதான் உள்ளது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அலுவலரிடம் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதலை எவருக்கும் எதிராகச் சான்றாக்கலாகாது என்று விதித்திருந்தது. குடியேற்ற ஆட்சியினர் நம் பொலிஸாரைப் பற்றி வைத்திருந்த மதிப்பீடு அது. அந்த ஒரு மதிப்பீட்டில் அவர்கள் பிழைவிடவில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்த வேலியைப் பிடுங்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் சொல்லப்பட்டால் அது சான்றாகும். வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதை மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சேரும். மூடிய அறையில் இருவர் இருக்க, அடிபட்டவரே அடித்தவருக்கு எதிராகச் சான்று தேட வேண்டும்.

1993இல் கைதான சிங்கராசா என்ற மட்டக்களப்பு இளைஞரின் வழக்கு இதன் முழு உருவத்தையும் காட்டுகிறது. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவருடைய ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அதன் அடியில் அவர் பெருவிரல் பதிக்கப்பட்டது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரரே. வேறு சான்று இன்றி, அந்தத் தாளைக் கொண்டே 1995இல் அவருக்கு 50 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் இதில் அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. ஆனால் 2006இல் நம் உயர் நீதிமன்றம் அவருக்கு உதவ மறுத்தது. ஒருவர் தாமே எழுதியதாகச் சொல்லப்படும் நூலை அவராலேயே படிக்க முடியாத விந்தை இலக்கிய உலகில் இல்லை. இச்சட்டத்தின் உலகில் உண்டு.

நம் குருக்களும் இதிலிருந்து தப்பவில்லை. 1982இன் இறுதியில் இச்சட்டத்தின்கீழ்க் கைதானோருள் இரு கத்தோலிக்க குருக்களும் ஒரு மெதடிஸ்த போதகரும் இருந்தனர். 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது அம்மூவரும் அதே சிறையில் இருந்து உயிர் தப்பியவர்கள். அரசின் காவலில் இருந்தோரை அரசு காக்கவில்லை. அந்த நினைவு ஒன்றே போதும், ‘சட்டத்துக்குப் பல் வேண்டும்’ என்று யாராவது சொல்லும்போது நாம் ஒரு கணம் நின்று கேட்க.

ஆயினும், 2019 ஏப்ரலுக்குப் பிந்திய வாரங்களில் அந்த நினைவு நம்மில் பலரைக் கைவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்ட நாள்கள் அவை. பின்னர் ஆலயங்கள் திறந்தபோது வாயிலில் சிப்பாய்கள் நின்றனர். நம் பைகள் சோதிக்கப்பட்டன. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வாயிலைக் கடந்தபோது, ‘எந்தச் சட்டத்தையாவது போட்டு எவரையாவது பிடியுங்கள்’ என்று மனம் சொன்னது. முஸ்லிம் நண்பரின் கடையைக் கடந்துசென்று வேறு கடையில் பொருள் வாங்கியவர்களும் நம்மிலுண்டு. அச்சத்தை நாம் இகழவில்லை. அது மெய்யானது. ஆனால் ‘எவரையாவது’ என்ற சொல் கயபாவின் கணக்கைச் சேர்ந்தது. ஒருவரைக் கொடுத்து மக்களைக் காத்துவிடலாம் என்று அவரும் எண்ணினார்.

அப்படியானால் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரைப் பிந்தைய தண்டனை தடுக்காது. குண்டு வெடிக்குமுன் தடுக்கும் அதிகாரம் எவருக்காவது வேண்டும். சாட்சிகள் அஞ்சுவர்; பணம் எல்லை கடந்து வரும்; திட்டம் பல ஊர்களில் பிரிந்துகிடக்கும். இவற்றுக்கெனத் தனி ஏற்பாடுகள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. வெடிபொருளைச் சேர்த்தவரைக் கைது செய்வதற்கும், சதிக்கூட்டத்தின் பணத்தை முடக்குவதற்கும், சாட்சியைப் பாதுகாப்பதற்கும் எவ்வளவு கடுமையான சட்டம் வந்தாலும் நாம் எதிர்க்கமாட்டோம். நம் வழக்கு வேறு இடத்தில் உள்ளது. பொலிஸ் அறையில் பிறந்த ஒப்புதலைச் சான்றாக்கும் விதியும், நீதவானின் கண்ணுக்கு மறைவாக மாதக்கணக்கில் அடைத்துவைக்கும் விதியும், மனக்கசப்பை உண்டாக்கும் எழுத்தைக் குண்டோடு சேர்த்துக் கட்டும் விதியும் தேடுபவரின் உழைப்பைக் குறைக்கின்றன. உழைப்புக் குறைந்த இடத்தில் தேடலும் குறைகிறது. கையில் கிடைத்தவரை அடைத்துவைக்கலாம் என்றிருக்கும்போது, கிடைக்காதவரைத் தேட எவர் போவார்?

இது ஊகமன்று, உயிர்த்த ஞாயிறுக்கு முன்னரே நடந்து முடிந்தது. 2018 நவெம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் காவலிலிருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டனர். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர்மேல் சந்தேகம் திருப்பப்பட்டது. போருக்குப் பிந்திய கிழக்கில் அதைவிட எளிதில் நம்பத்தக்க கதை வேறில்லை. அவர் அடைக்கப்பட்டார், வழக்குத் துலங்கிவிட்டது என்று அமைதி நிலவியது. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரே, அக்கொலைகளைச் செய்தது சஹ்ரான் ஹாசிமின் குழு என்று தெரியவந்தது. 2019 மே மாதத்தில் அந்த மனிதர் விடுவிக்கப்பட்டார். அவரை அடைத்துவைத்த ஐந்து மாதங்களும் உண்மையான கொலையாளிகள் தம் குண்டுகளைச் செய்துமுடிக்கப் பயன்பட்டன. சட்டத்தின் கடுமை அங்கு நம்மைக் காக்கவில்லை. நம் கண்ணைக் கட்டியது.

சஹ்ரான் அறியப்படாதவரும் அல்லர். அவருடைய போதனைகளைப் பற்றி முதலில் அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அங்கு நிகழ்ந்த மோதலுக்குப்பின் அவர் தலைமறைவானார். அவரைப் பற்றி விசாரித்துவந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவர் 2018 ஒக்டோபரில் வேறொரு குற்றச்சாட்டில் கைதானார். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருள்கள் பெருமளவில் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் இலக்காகலாம் என்பதும் இருந்தது. ஏப்ரல் 11ஆம் திகதியிட்டு ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர் எழுதிய கடிதம் பெருமக்களுக்குக் காவல்புரியும் பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டது. அமைச்சர் ஒருவர், மருத்துவமனையிலிருந்த தம் தந்தையும் இதைக் கேள்விப்பட்டு, பெரிய ஆலயங்களுக்குச் செல்லாதே என்று தம்மைத் தடுத்ததாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவமனைக் கட்டிலை எட்டிய அச்செய்தி ஆலயத்தின் வாயிலை எட்டவில்லை.

அப்போது நாட்டின் ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரையொருவர் நம்பாதவராயிருந்தனர். 2018 ஒக்டோபருக்குப்பின் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தாம் அழைக்கப்படவில்லை என்று பிரதமர் சொன்னார். கடிதம் தம்மிடம் காட்டப்படவில்லை என்று ஜனாதிபதி சொன்னார். 2023 ஜனவரி 12ஆம் திகதி, எழுவர் அடங்கிய உயர் நீதிமன்ற ஆயம், கடமை தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்த்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் தலா 7½ கோடி ரூபாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி ரூபாவும் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகச் செலுத்தப் பணித்தது. அன்று நாற்பது ஆண்டுகளாக நடப்பிலிருந்த, அதிகாரிகளுக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்ட சட்டம் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் செய்ய வேண்டியிருந்ததோ ஒரு கடிதத்தைப் படித்து, நான்கு தொலைபேசி அழைப்புகளை எடுத்து, சில வாயில்களைப் பூட்டுவது. அதற்கு எந்தப் புதிய சட்டமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

கர்தினால் ஆண்டகை ஆண்டுதோறும் எழுப்பிவரும் குரலையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். அவர் கேட்பது உண்மையை: யார் அறிந்திருந்தனர், யார் மறைத்தனர், குண்டுதாரிகளுக்குப் பின்னே எவராவது இருந்தனரா என்பதை. அக்கேள்விகளுக்கு மறுமொழி சொல்வதைவிட, ஒரு கவிஞரை அடைப்பதும், புதிய சட்டமொன்றின் வரைவை மேசைமேல் வைப்பதும் ஆட்சியாளருக்கு எளிது. 2018இல் ஒரு வரைவு வந்தது. 2023இல் இன்னொன்று வந்தது. 2022இல் பழைய சட்டமே திருத்தப்பட்டு, தடுப்புக் காவலின் உச்சவரம்பு 18 மாதங்களிலிருந்து 12 ஆக்கப்பட்டது. பொலிஸாரிடம் தரும் ஒப்புதலைச் சான்றாக்கும் 16ஆம் பிரிவை அத்திருத்தம் தொடவில்லை. வரைவுகள் வரும்போதெல்லாம் நம் பங்குப்பேரவைகளிலும் வாசகர் வட்டங்களிலும் அவற்றைக் கையிலெடுத்து, ‘அல்லது’ என்ற சொல் எங்கெங்கே நிற்கிறது என்று எழுதுகோலால் கோடிட்டுப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய வேலையன்று அது.

2019இல் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 14ஆம் திகதி வந்தது. அக்கடிதம் எழுதப்பட்டு மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அன்று கட்டுவாப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் மக்கள் ஓலைகளை ஏந்திப் பவனி வந்தனர். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு நடந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட மக்கள் வரிசையில் நின்றனர். சனி இரவு பாஸ்காத் திரியிலிருந்து ஒவ்வொருவரும் தம் மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டனர். அத்தனை நாள்களும் அந்தக் கடிதம் அலுவலகக் கோப்புகளில் இருந்தது.